ஒரு ஸ்டாண்டுக்கு எத்தனை உறுப்பினர்?
சைக்கிள் பட்டறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குழு ஒரு பொதுப் பட்டறை நடத்துகிறது. வருகிறவர்கள் எங்கள் ஸ்டாண்டில் வண்டியை மாட்டி, எங்கள் கருவிகளை வைத்துத் தாங்களே பழுது பார்த்துக்கொள்கிறார்கள். இதுவரை உண்டியலில் போடுவதைப் போடட்டும் என்று விட்டிருந்தோம். இனி ஆண்டுச் சந்தா வைத்து உறுப்பினர் சேர்க்கலாம் என்று எண்ணம். எத்தனை பேரைச் சேர்க்கலாம்? எவ்வளவு வாங்கலாம்?

பதில்: தொகையைப் பிறகு பார்க்கலாம். உங்களிடம் வாரத்துக்கு எத்தனை ஸ்டாண்டு மணி (ஒரு ஸ்டாண்டு ஒரு மணி நேரம் கிடைப்பது) இருக்கிறது என்பதுதான் முதல் கணக்கு. 4 ஸ்டாண்டு, வாரம் 2 நாள், நாளுக்கு 3 மணி நேரம் என்றால் மொத்தம் 24 ஸ்டாண்டு மணி. புதிதாகக் கற்றுக்கொள்பவர் ஒரு வேலையை முடிக்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். பஞ்சர் சீக்கிரம் முடியும், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பிரித்துக் கிரீஸ் வைப்பது இழுக்கும். அப்படியானால் வாரத்துக்கு 16 வருகை. அதில் 4 இடத்தைச் சந்தா கட்டாதவர்களுக்கென்று கட்டாயம் ஒதுக்குங்கள். காசில்லாமல் உடைந்த வண்டியோடு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பினால், பொதுப் பட்டறை என்று பெயர் வைத்ததில் பொருளில்லை. மீதி 12. ஓர் உறுப்பினர் மாதம் ஒருமுறை வருவார் என்று வைத்தால், சுமார் 50 பேரைத் தாங்கும்.

இந்தக் கணக்கு ஓரிடத்தில் ஏமாற்றும். சொல்லிக் கொடுக்கும் தன்னார்வலர் ஒருவர் ஒரே நேரத்தில் 2 ஸ்டாண்டைக் கவனிக்கலாம், மிஞ்சிப் போனால் 3. ஒருவர் மட்டுமே வரும் நாளில் 4 ஸ்டாண்டு இருந்தும் பயனில்லை. அந்த நாளை 2 ஸ்டாண்டு என்றே போடுங்கள். அதனால் சந்தா தொடங்கும் முன் 8 வாரத்துக்கு ஒரு நோட்டில் வந்த நேரம், போன நேரம், செய்த வேலை மூன்றையும் எழுதி வாருங்கள். மேலே சொன்ன ஒன்றரை மணியும் மாதம் ஒருமுறையும் வெறும் தொடக்க ஊகம். உங்கள் நோட்டு சொல்வதே உண்மையான எண். இடம் நிறைந்துவிட்டால் பெயர்ப் பட்டியல் எழுதிக் காக்க வையுங்கள், அல்லது இன்னொரு நாள் திறங்கள். இடமில்லாமல் சந்தா வாங்குவது, கட்டியவரை ஏமாற்றுவதாகும்.

இனி தொகை. வாடகை, மின்சாரம், காப்பீடு, கிரீஸ், செயின் எண்ணெய், பஞ்சர் சொல்யூஷன், உப்புத்தாள், துணி, தேய்ந்த கருவிக்கு மாற்று ஆகிய ஆண்டுச் செலவைக் கூட்டுங்கள். பழைய பாகங்களும் சீர்செய்த வண்டிகளும் விற்று வருவதைக் கழியுங்கள். மிச்சத்தை 50ஆல் வகுக்காதீர்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கான 33ஆல் வகுங்கள். முதல் ஆண்டில் எல்லா இடமும் நிறையும் என்று நம்பிப் போட்ட கணக்கு பாதியில் கையைக் கடிக்கும். வந்த தொகையை, சந்தா இல்லாமல் வருபவரிடம் வாங்கும் ஒருநாள் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 4 முதல் 6 வருகையில் சந்தா ஈடாக வேண்டும். 2 வருகையிலேயே ஈடானால் எல்லோரும் சேர்ந்து ஸ்டாண்டு போதாமல் போகும். 12 ஆனால் யாரும் சேரமாட்டார்கள்.

கேள்வி: பணம் கட்ட முடியாதவர்கள் வேலை செய்து உறுப்பினராகலாம் என்று அறிவித்தோம். ஒத்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் அப்புறம் வரவே இல்லை.

பதில்: உறுப்பினர் அட்டையை முன்னால் கொடுத்துவிட்டு வேலையைப் பின்னால் கேட்டிருப்பீர்கள். மாற்றிப் போடுங்கள். ஓராண்டுச் சந்தாவுக்கு 8 மணி நேர வேலை என்று வைத்தால், முதல் 2 மணி முடிந்ததும் 3 மாத அட்டை, முழுதும் முடிந்ததும் ஆண்டு அட்டை. செய்த மணியை அன்றைக்கே எழுதி, பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் மணிக்கணக்கில்தான் மனக்கசப்பு தொடங்குகிறது. சொந்த வண்டியில் செய்த வேலை கணக்கில் வராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பலர் திரும்பி வராததற்கு இன்னொரு காரணம், வந்த அன்று அவர்களுக்கென்று வேலை தயாராக இல்லாததுதான். ஒரு மணி நேரம் சும்மா நின்றவர் மறுபடி வரமாட்டார். அனுபவமில்லாதவரும் செய்யக்கூடிய வேலைகளைச் சுவரில் எழுதி மாட்டுங்கள். பழைய டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது, ஓட்டையில்லாததை அளவு எழுதிச் சுருட்டிக் கட்டுவது, 5 மி.மீ., 6 மி.மீ. திருகாணிகளைப் பிரிப்பது, இனி ஓட்ட உதவாத சக்கரத்திலிருந்து ஃப்ரீவீலையும் (செயின் ஓடும் பின்பல்சக்கரம்) அச்சையும் கழற்றுவது. டியூபைத் தண்ணீரில் பார்த்ததோடு விடாமல் ஒரு இரவு காற்றோடு தொங்கவிடச் சொல்லுங்கள். மெல்லக் கசியும் டியூப் மறுநாள் காலையில்தான் தெரியும்.

கேள்வி: “சந்தா கட்டியிருக்கிறேனே, சரிசெய்து கொடுங்கள்” என்று வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். எப்படி மறுப்பது?

பதில்: அட்டையிலேயே அச்சிட்டுவிடுங்கள்: “இந்தச் சந்தா ஸ்டாண்டுக்கும் கருவிக்கும் வழிகாட்டுதலுக்கும் உரியது. பழுதுபார்ப்புக் கூலி இதில் அடங்காது.” சேரும் நாளில் இதை வாயாலும் சொல்லுங்கள். தன்னார்வலர்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும்: ஒரு பக்கம் காட்டு, மறுபக்கம் அவர் செய்யட்டும். முன் பிரேக் கட்டையைப் பொருத்திக் காட்டியதும் பின் பிரேக்கை உரியவரே பொருத்த வேண்டும். நெரிசலில் பொறுமையிழந்து கருவியைப் பிடுங்கித் தாமே முடித்துவிடும் தன்னார்வலர்தான் இந்த எதிர்பார்ப்பை வளர்க்கிறார். கை முடியாதவர், பார்வை குறைந்தவர் என்றால் விதி தளரட்டும்.

யார் செய்த வேலையானாலும், வண்டி வெளியே போகுமுன் வேறொருவர் பார்க்க வேண்டும். சக்கர நட்டு இறுகியிருக்கிறதா, பிரேக் பிடித்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொடுகிறதா, முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையே இடுக்கித் திருப்பினால் ஹேண்டில் நழுவுகிறதா, டயர் விளிம்பு ரிம்முக்குள் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா. 2 நிமிட வேலை. இதற்கு விலக்கே கூடாது.

கேள்வி: சந்தா வந்ததும் கருவிகள் சீக்கிரம் கெடுகின்றன. சில காணாமலே போகின்றன.

பதில்: காணாமல் போவதைத் தடுப்பது எளிது. பலகையில் ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் வண்ணத்தில் வரையுங்கள். எடுப்பவர் தம் உறுப்பினர் அட்டையை அந்த ஆணியில் மாட்ட வேண்டும். மூடும்போது அட்டை தொங்கினால் கருவி யாரிடம் என்று தெரிந்துவிடும்.

கெடுவதற்குப் பெரும்பாலும் மூன்று கருவிகள் காரணம். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) கழற்றியை விரலால் முழுதும் உள்ளே திருகாமல் ஸ்பேனர் போட்டால் கிராங்கின் மரை உரிந்துவிடும். நட்டைக் கழற்றியவர் வாஷரை உள்ளேயே விட்டுவிட்டாலும் கதை அதுதான். ஃப்ரீவீல் கழற்றியை அச்சு நட்டால் பிடித்து வைக்காமல் திருப்பினால் வழுக்கிப் பற்களைத் தின்றுவிடும். ஃப்ரீவீல் விட்டுக்கொடுத்ததும் அந்த நட்டைத் தளர்த்தவும் வேண்டும். மூன்றாவது பெடல் ஸ்பேனர். இடது பெடலின் மரை தலைகீழ் என்று தெரியாமல் கழற்றுவதாக நினைத்து முழுபலத்தோடு இறுக்குகிறார்கள். எனவே உறுப்பினர் அட்டையில் இந்த மூன்றுக்கும் மூன்று கட்டம் போடுங்கள். ஒருமுறை மேற்பார்வையில் சரியாகச் செய்தவருக்கு அந்தக் கட்டத்தில் கையெழுத்து. அதுவரை தனியாக எடுக்க அனுமதி இல்லை.

கேள்வி: உறுப்பினர்களுக்குப் பாகங்களை இலவசமாகத் தரலாமா?

பதில்: வேண்டாம். முதலில் வருபவர் நல்லதையெல்லாம் அள்ளிக்கொள்வார். பழைய பாகத்துக்குத் தள்ளுபடி, புதியதற்கு வாங்கிய விலையோடு சிறிது சேர்த்து வாங்குவது போதும். ஆனால் பெட்டியில் போடும் பழைய பாகம் உழைக்கும் பாகமாக இருக்க வேண்டும். செயினை நீட்டி 12 முழுக் கண்ணியை (உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் சேர்ந்தது ஒன்று) அளந்தால் புதிதில் சரியாக 12 அங்குலம். அங்குலத்தில் 16ல் 1 பங்கு, அதாவது சுமார் 1.6 மி.மீ. கூடியிருந்தால் அதை விற்காதீர்கள். 8ல் 1 பங்கு கூடிய செயின் ஓடிய வண்டியில் ஃப்ரீவீல் பல்லும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வழுக்கும்.

டயரையும் அங்குலப் பெயரால் அடுக்காதீர்கள். 26 அங்குலம் என்று எழுதிய இரண்டு டயர்களில் ஒன்று 559 மி.மீ. ரிம்முக்கும் இன்னொன்று 590 மி.மீ. ரிம்முக்கும் உரியதாக இருக்கலாம். ஒன்று மற்றதில் ஏறாது. டயர் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் இருக்கும் எண்ணில் முதலாவது அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம். இரண்டாவது எண்படி அடுக்கினால் உறுப்பினர் தாமே தேடி எடுத்துக்கொள்வார்.

கேள்வி: சந்தா ஆண்டு ஒரே தேதியில் தொடங்கலாமா, சேர்ந்த நாளிலிருந்தா?

பதில்: சேர்ந்த நாளிலிருந்து. எல்லாம் ஒரே நாளில் முடிந்தால் புதுப்பிக்கும் மாதத்தில் பணம் குவியும், மற்ற மாதங்களில் வறளும். எப்படி வைத்தாலும், வாங்கிய சந்தாவில் மாதம் 12ல் 1 பங்கை மட்டுமே செலவுக்கு எடுங்கள். மீதி இன்னும் கொடுக்காத சேவைக்கு உறுப்பினர் முன்கூட்டித் தந்த பணம். பட்டறையை மூட நேர்ந்தால் திருப்பித் தர வேண்டியது. முடியும் தேதிக்கு 2 வாரம் முன்னும், முடிந்த அன்றும் நினைவூட்டுங்கள், போதும்.

கேள்வி: பாதி வேலையில் வண்டியை விட்டுப் போகும் உறுப்பினரை என்ன செய்வது?

பதில்: விடும் அன்றே ஓர் அட்டையில் பெயர், தேதி, பெரும்பாலும் பாட்டம் பிராக்கெட்டுக்கு (கிராங்க் அச்சு சுழலும் குழாய்) அடியில் இருக்கும் ஃபிரேம் எண், எடுத்துக்கொள்ள வேண்டிய கடைசி நாள் எழுதிக் கட்டுங்கள். அதே அட்டையின் இன்னொரு பிரதியில் அவர் கையெழுத்து வேண்டும். 30 நாள் தாராளம். கெடு முடிந்ததும் நீங்களாக விற்றுவிடாதீர்கள். உரிமை கோராத பொருளைப் பற்றி உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டு, அதை உறுப்பினர் விதியில் எழுதிய பிறகே கை வையுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டு அதே ஃபிரேமில் கட்டிவைக்க மறக்க வேண்டாம்.