டொரண்டோ குளிரில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு?

தண்டையார்பேட்டையிலேர்ந்து நவம்பர்ல டொரண்டோவோட கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோ வந்து சேர்ந்த தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: ஏழாவது மாடி வீடு. மூத்தவளுக்கு மூணே முக்கால் வயசு, சின்னவனுக்கு ரெண்டு முடியப்போகுது. அஞ்சு மணிக்குள்ள இருட்டிடுது. கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்கலன்னு ரெண்டு தடவை மேல வந்துட்டார். வாங்கின பொம்மையெல்லாம் ஒரே வாரத்துல மூலைக்குப் போயிடுச்சு. ஏப்ரல் வரைக்கும் எப்படி ஓட்டறது?

தங்கச்சி, மழையில கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் தெருவுல தண்ணி நின்னா பிள்ளைங்களை நாலு நாள் உள்ளயே வெச்சு சமாளிப்போம்ல, அதுதான் இது. நாலு நாள் இங்க நாலு மாசம், அவ்வளவுதான். ஆனா தினமும் அடைச்சு வைக்கணும்னு இல்ல. வானிலை அறிக்கையில வெறும் குளிரைப் பார்க்காதீங்க, காத்தோட சேர்ந்த குளிர் என்னன்னு பாருங்க. அது மைனஸ் 28-க்குக் கீழ போனா மூடாத தோல் பத்து நிமிஷத்திலேர்ந்து அரை மணிக்குள்ள உறைய ஆரம்பிக்கும், அன்னிக்கு வேண்டாம். மைனஸ் 5, 6 எல்லாம் இங்க நல்ல நாள். மதியம் வெளிச்சம் இருக்கும்போதே இருபது நிமிஷம் வெளிய கூட்டிட்டுப் போயிடுங்க.

பொம்மை சலிச்சதுக்குப் பொம்மை காரணமில்ல. உடம்புக்கு வேலை கொடுக்காம கைக்கு வேலை கொடுத்தா எந்தப் பிள்ளையும் உட்காராது. இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 180 நிமிஷமாவது உடம்பு அசையணும், மூணு வயசுக்கு மேல அதுல 60 நிமிஷம் மூச்சு வாங்கற அளவுக்கு இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லியிருக்கு. ஊர்ல வாசக்கதவைத் திறந்துவிட்டா அந்தக் கணக்கைத் தெருவே முடிச்சுக் கொடுத்துடும். இங்க நீங்கதான் முடிக்கணும், அதுவும் குதிக்காம.

கீழ்வீட்டுக்குக் கேக்கறது பெரும்பாலும் குதிகால் தரையில விழற அடிதான், மெல்லிசு கார்ப்பெட் அதை நிறுத்தாது. அதனால குதிக்கறதுக்குப் பதிலா தள்ளறது, இழுக்கறது, தவழறது. துணி போடற பிளாஸ்டிக் கூடையில மூத்தவளுக்கு மூணு நாலு கிலோ வெயிட் வையுங்க, அரிசிப் பை போதும். சின்னவனுக்கு மடிச்ச துணி மட்டும். அடியில ஒரு பழைய டவல் போட்டா தரையில கீறல் விழாது, கூடையும் வழுக்கிட்டுப் போகும். ஹால்லேர்ந்து படுக்கை ரூம் வரைக்கும் "சரக்கு" தள்ளி இறக்கிட்டு வரணும். காலிக்கூடையைக் கொடுத்தா அது சர்ருனு முன்னாடி ஓடிடும், பிள்ளை மூக்கு தரையில. பாரம் இருந்தாதான் பத்திரம், களைப்பும் வரும். பத்து நடை போதும்.

தரையில கோடு போட பெயின்டர்ஸ் டேப்னு நீலக் கலர்ல விக்கற டேப் மட்டும் வாங்குங்க. பார்சல் ஒட்டற டேப் பசையை விட்டுட்டு வரும், சில தரையில வார்னிஷையே உரிச்சிடும், வீடு காலி பண்ணும்போது காசு கேப்பாங்க. நீல டேப்பையும் ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துடுங்க. மூணு மீட்டர் நேர்கோடு ஒண்ணு, வளைஞ்ச கோடு ஒண்ணு. முன்பாதத்துல பூனை மாதிரி நடக்கணும். பாண்டிக் கட்டம் போட ஆசை வரும், ஆனா ரெண்டு வயசுல ரெண்டு காலும் சேர்த்துக் குதிக்கறதே பெரிசு, நொண்டியடிக்கறது நாலு வயசு வாக்குலதான் வரும். கட்டத்துக்குள்ள காலுறை உருண்டையை எறியச் சொல்லுங்க. சின்னவன் ஒரு எட்டு தள்ளி நிக்கட்டும், பெரியவ மூணு எட்டு. மூணு தடவை தொடர்ந்து தப்பினா விட்டுட்டுப் போயிடுவாங்க, ரெண்டாவது தப்புலயே கட்டத்தைக் கிட்ட கொண்டுவந்துடுங்க. ஊதின பலூன் வேண்டாம். வெடிச்ச ரப்பர் துண்டு தொண்டையில ஒட்டினா எடுக்கறது ரொம்பக் கஷ்டம்.

இது இருபது நிமிஷம் ஆனதுக்கப்புறம்தான் கை வேலை. சின்னவன் ஒண்ணுல அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தா அதுவே ஜாஸ்தி.

பிசையற மாவைக் கடையில வாங்காதீங்க. மைதா ஒரு கப், தூளுப்பு அரை கப், கிரீம் ஆஃப் டார்ட்டர் (கேக் செய்யப் போடற புளிப்புப் பொடி) ரெண்டு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணி ஒரு கப். பச்சைத்தண்ணியிலயே கட்டியில்லாம கரைச்சிட்டு, மிதமான தீயில கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிண்டற மாதிரி கிண்டுங்க. மூணு நாலு நிமிஷத்துல பாத்திரத்தை விட்டு உருண்டு வரும். ஆறினதும் நல்லா பிசையணும். கையில ஒட்டினா வேகல, திரும்ப ஒரு நிமிஷம் அடுப்புல வையுங்க. நறநறன்னு இருந்தா உப்பு கரையல. ஹீட்டர் ஓடற வீட்டுல காத்து வறண்டு கிடக்கும், அரை மணி வெளிய வெச்சாலே வெடிச்சிடும். ஜிப் பையில காத்தை அழுத்தி எடுத்துட்டு மூடுங்க, சில வாரம் வரும்.

சின்னவனுக்கு இது வேண்டாம், அவ்வளவு உப்பு வாயில போகக் கூடாது. அவனுக்கு உப்பில்லாம அரிசி மாவை வெந்நீர்ல நல்லா வேகக் கிண்டி உருண்டை கொடுங்க, தின்னாலும் பரவால்ல, அன்னிக்கே தூக்கிப் போட்டுடணும். சப்பாத்தி சுடும்போது ஒரு உருண்டை கிள்ளிக் கொடுக்கற பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க. பச்சை மாவுல கிருமி இருக்கும்; 2017-ல ஈ.கோலை காரணமா கனடாவுலயே மைதாப் பைகளைத் திரும்ப வாங்கினாங்க.

மூத்தவளுக்கு ரவைத் தட்டு. கேக் சுடற ஓரம் உசந்த ட்ரேயில ஒரு கிலோ ரவை கொட்டினா விரலால அ போடலாம், மூணு புள்ளி வெச்சுக் கோலம் போடலாம். ஒரு ஜாண் நீளத்துக்குக் கரை கட்டி, ஐஸ் குச்சித் துண்டை ஒளிச்சு கிச்சு கிச்சு தாம்பாளமும் ஆடலாம்: இவ குச்சியை உள்ளயே நகர்த்திட்டுப் போய் ஒளிக்கணும், எதிர்ல இருக்கறவங்க எங்க இருக்குன்னு பார்த்துக் கைகோத்து மூடணும். மணல் இல்லாத குறை தெரியாது. கோலமாவு வேண்டாம், கல்லுப்பொடி. ஜன்னல் திறக்காத வீட்டுல மூச்சுக்குள்ளதான் போகும். தரையில சிந்தின ரவை பயங்கரமா வழுக்கும், பழைய பெட்ஷீட்டை விரிச்சு அதுமேல வைங்க, முடிஞ்சதும் நாலு முனையைச் சேர்த்துத் தூக்கிடலாம். அந்த ரவையைத் தனி டப்பாவுல போட்டு "விளையாட்டு"ன்னு எழுதி வைங்க, இல்லன்னா யாராவது உப்புமா கிண்டிடுவாங்க.

குடம் போட்டு லாரித் தண்ணிக்கு நின்ன ஊர்க்காரங்களுக்குத் தண்ணிய விளையாட விட மனசு வராதுதான். ரெண்டு லிட்டர் போதும். காலியான குளியல் தொட்டிக்குள்ள ஒரு அகலப் பாத்திரம், ரெண்டு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க, ரெண்டு அங்குலத் தண்ணியே போதும் ஆபத்துக்கு. முடிஞ்ச உடனே கொட்டிடணும். குழாய்ப் பிடி பிள்ளை கைக்கு எட்டாம பார்த்துக்குங்க. நம்மூர்க் குழாய்ல வர்ற மாதிரி இல்ல, இங்க குழாயைத் திருப்பினாலே சுடுதண்ணி கொட்டும்.

இட்லித் தட்டு வெச்சிருக்கீங்கல்ல? குழிக்கு ஒண்ணா எலுமிச்சம்பழம், காலுறை உருண்டைன்னு வைக்கச் சொன்னா எண்ணிக்கை தானா வரும். சின்னவன் கைக்குப் போற எதையும் டாய்லெட் பேப்பர் சுருட்டோட அட்டைக்குழாய்ல போட்டுப் பாருங்க, உள்ள போனா அது அவனுக்கு இல்ல. தண்ணியில ஊறிப் பெருசாகற ஜெல்லி முத்து வீட்டுக்குள்ளயே வரக் கூடாது, வயித்துல போனா அங்கயும் பெருசாகும்.

அம்மா பிப்ரவரியில வர்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. எவர்சில்வர் சொப்பு சாமான் ஒரு செட், ஓரம் கூரா இல்லாததா பார்த்து வாங்கிட்டு வரச் சொல்லுங்க. பல்லாங்குழிப் பலகை கொண்டு வரலாம், மூத்தவளுக்கு அடுத்த வருஷம் ஆகும், சோழியைச் சின்னவன் தூங்கும்போது மட்டும் எடுங்க. குன்றிமணி மட்டும் கண்டிப்பா வேண்டாம். பார்க்க அழகு, மென்னு முழுங்கினா உயிருக்கே ஆபத்து. விதை கொண்டு வர எல்லையிலயும் கட்டுப்பாடு உண்டு.

போன் காட்டறதைப் பத்தி கேக்கல, ஆனாலும் சொல்றேன். ரெண்டு வயசுக்குள்ள வேண்டாம், ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு கனடா குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லுது. ஆயா கூட வீடியோ கால் அதுல சேராது, தாராளமா பேசட்டும்.

வாரத்துல ரெண்டு நாளாவது ஏர்லி ஆன் (EarlyON) மையத்துக்குப் போங்க, சின்னப் பிள்ளைங்க சேர்ந்து விளையாடற இடம். பிறந்ததுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும், காசு கிடையாது, பெத்தவங்களும் கூட இருக்கணும். லைப்ரரி கார்டும் இலவசம்தான், ஸ்கார்பரோ கிளைகள் சிலதுல தமிழ்ப் படப் புத்தகம் கிடைக்கும். மூத்தவ அடுத்த வருஷம் நாலு முடிக்கறதால செப்டம்பர்ல ஜூனியர் கிண்டர்கார்டன் (நம்மூர் எல்.கே.ஜி. மாதிரி) போயிடுவா. ஏர்லி ஆனுக்குக் கிளம்பும்போது பைக்குள்ள ரெண்டு ஜோடி மாத்து காலுறை போட்டுக்குங்க, பனி பூட்ஸைக் கழட்டற இடத்துல தரை எப்பவும் ஈரம்.