எமர்ஜென்சியில் யார் இருக்க வேண்டும்? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இதய டாக்டர், சர்ஜன், நரம்பியல் டாக்டர் என்று துறைக்கு ஒருவரை எமர்ஜென்சியில் உட்கார வைத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. "எனக்கு மாரடைப்பு" என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை, "மேல் வயிறு எரியுது, ரெண்டு தடவை வாந்தி" என்றுதான் வருகிறார்கள், அது அல்சராக இருக்கலாம், கணைய வீக்கமாக இருக்கலாம், இதயத்தின் கீழ்ச்சுவரில் வந்த மாரடைப்பாகவும் இருக்கலாம். எந்தத் துறைக்கு அனுப்புவது என்றே தெரியாத அந்த நேரத்தில், வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்கத் தோன்ற வேண்டும். அதற்கென்றே பழகியவர் எமர்ஜென்சி மெடிசின் படித்த டாக்டர். எந்த நேரமும் அப்படி ஒருவராவது கட்டடத்துக்குள் இருக்க வேண்டும், போனில் கிடைப்பது கணக்கில்லை.

கேள்வி: இது புதிய படிப்பா?

பதில்: ரொம்பப் புதிதில்லை. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1970-ல் பயிற்சி தொடங்கியது, 1979-ல் அந்த நாட்டில் தனித் துறையாக அங்கீகாரம் கிடைத்தது.

கேள்வி: இருபது வருடமாக எமர்ஜென்சி பார்க்கும் பொது மருத்துவருக்குத் தகுதி இல்லையா?

பதில்: நிச்சயம் உண்டு, சிறிய ஆஸ்பத்திரிகள் அவர்களால்தான் ஓடுகின்றன. ஆனால் நான் வருடங்களைக் கேட்க மாட்டேன். மூச்சுத் திணறி நீலம் பாரித்த குழந்தைக்குக் கடைசியாக எப்போது தொண்டை வழியாக மூச்சுவிடும் குழாய் போட்டீர்கள் என்று கேட்பேன். கை பழக்கம் விட்டுப்போனால் படிப்பு காப்பாற்றாது. அடிக்கடி பயிற்சி எடுக்கிறவர் என்றால் தாராளமாக நம்பலாம்.

கேள்வி: நர்ஸ் பிராக்டிஷனர் (மேல்படிப்பு படித்து, நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை தரப் பழகிய நர்ஸ்), பிசிஷியன் அசிஸ்டன்ட் (டாக்டருக்கு உதவியாக வேலை பார்க்கப் பயிற்சி பெற்றவர்) மட்டும் வைத்து இரவு ஷிப்ட் நடத்தலாமா?

பதில்: கூடாது. தையல், சுளுக்கு, காய்ச்சல் எல்லாம் அருமையாகப் பார்ப்பார்கள், கூட ஒரு டாக்டர் இருக்கும்போது அவர்கள் பெரிய பலம். தனியாக விடுவதுதான் தப்பு. அடிவயிறு வலிக்கிறது என்று வரும் பதினான்கு வயதுப் பையன் வெட்கத்தில் விதைப்பை வலியைச் சொல்லவே மாட்டான், விதை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் 6 மணி நேரத்துக்குள் சரி செய்தாக வேண்டும். பேன்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் வாயுத் தொல்லை என்று அனுப்பினால் விதை போய்விடும். இது அனுபவமுள்ள டாக்டருக்கே தவறக்கூடிய விஷயம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: அப்போ நர்ஸ்களின் இடம்?

பதில்: வாசலிலேயே. யாரை முதலில் உள்ளே விடுவது என்று தரம் பிரிக்கும் டிரையாஜ் வேலைக்கு மூத்த நர்ஸைத்தான் போட வேண்டும். ஒருமுறை வரிசையின் கடைசியில் அமைதியாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, எங்கள் சிஸ்டர் எதுவும் கேட்காமல் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனார். நான் இசிஜியைப் பார்க்கும் முன்பே அது மாரடைப்பு என்று சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது.