தன்பாலீர்ப்பாளர்கள் மீதான வெறுப்புக் குற்றங்களைக் கடுமையான சட்டங்கள் தடுக்குமா?

தண்டனையைக் கூட்டுவதால் மட்டும் தடுக்க முடியும் என்று நான் கருதவில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 1998 அக்டோபரில் மாத்யூ ஷெப்பர்டு என்ற 21 வயதுத் தன்பாலீர்ப்பு மாணவர் வேலியில் கட்டப்பட்டு, அடித்துக் கொல்லப்பட்டபோது, அங்கே வெறுப்புக் குற்றச் சட்டமே இல்லை. ஆயினும் வழக்கமான கொலைச் சட்டத்தின் கீழேயே கொலையாளிகள் இருவருக்கும் இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது.

2009இல் ஒபாமா கையெழுத்திட்ட, ஷெப்பர்டின் பெயரையும் தாங்கிய கூட்டாட்சிச் சட்டத்தின் பயன் வேறிடத்தில் இருக்கிறது: பாலீர்ப்பின் காரணமாக நடக்கும் தாக்குதலில் உள்ளூர்க் காவல்துறை அக்கறை காட்டாவிட்டாலும், கூட்டாட்சி அரசு விசாரித்து வழக்குத் தொடுக்கலாம். ஆனால் நோக்கத்தை நிரூபிப்பது எளிதன்று. பாலீர்ப்பு தொடர்பாக இச்சட்டத்தின் கீழ் நடந்த முதல் விசாரணையில், 2012இல் கென்டக்கி மாநிலத்தில் நடுவர் குழு (ஜூரி) குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டனைக்குரியவர்கள் என்றது. வெறுப்புக் குற்றச்சாட்டிலிருந்தோ விடுவித்தது.

அதற்கும் முன்னால், புகார் வந்தால் அல்லவா சட்டம் பேசும்? தம் அடையாளம் வீட்டாருக்கும் அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும் என்று அஞ்சிப் பலர் காவல் நிலையத்தை அணுகுவதேயில்லை. உள்ளூர்க் காவல்துறைகள் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு இக்குற்றங்களின் கணக்கை அனுப்புவதும் கூட்டாட்சிச் சட்டப்படி கட்டாயமில்லை. புகாரை மரியாதையுடன் ஏற்று, தாக்கியவர் சொன்ன வசைச் சொற்களையும் சான்றாகப் பதிவு செய்யப் பழகிய காவலர்கள், கூடுதல் சிறைக் காலத்தைவிட அதிகம் தடுப்பார்கள் என்பது என் கணிப்பு.