போட்ட பணம் எங்கே போகிறது? முதலீடு பற்றிய கேள்வி பதில்

நிறுவனங்களின் வரவு செலவுக் கணக்கை அலசுவது என் தொழில். தனியார் தொழிலும் சந்தையும் நடத்தும் பொருளாதாரத்தில் முதலீட்டுக்கு என்ன வேலை என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி: பங்குச்சந்தையில் ஒரு பங்கு வாங்கினேன். அந்தப் பணம் நிறுவனத்துக்குப் போனதா?

பதில்: இல்லை, உங்களுக்கு விற்றவர் கைக்குப் போனது. நிறுவனம் புதிதாகப் பங்கு வெளியிடும்போதுதான் பணம் அதன் கல்லாவுக்கு வரும்.

கேள்வி: அப்படியானால் நான் வாங்கியதால் தொழிலுக்கு என்ன பயன்? வெறும் கைமாற்றுதானே?

பதில்: பலர் தடுக்கி விழும் இடம் இது. 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பொதுமக்களிடம் முதல் திரட்டியது. பத்து வருடம் கழித்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது பேச்சு. அதுவரை எல்லோராலும் காத்திருக்க முடியுமா? நடுவில் நோய் வரும், கடன்காரர் வாசலில் நிற்பார். ஆனால் கம்பெனிப் பேரேட்டில் பங்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு வசதி இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் பங்குகள் கைமாற ஆரம்பித்தன. 1612-இல் கெடு வந்தபோது கம்பெனி பணத்தைத் திருப்பித் தரவில்லை. விலக நினைத்தவர் பங்கை விற்றுவிட்டுப் போனார். கப்பலையும் கிடங்கையும் யாரும் ஏலம் போட வேண்டியிருக்கவில்லை.

தொழிலுக்கு இருபது வருடத்துக்குப் பணம் வேண்டும். போட்டவருக்கோ அடுத்த மாதமே அது தேவைப்படலாம். இந்த இரண்டையும் சேர்த்து வைப்பது கைமாற்றுச் சந்தைதான். வெளியேற வாசல் இருந்தால்தான் உள்ளே ஆள் வரும். நீங்கள் வாங்கியபோது யாரோ ஒருவருக்கு அந்த வாசலாக இருந்தீர்கள்.

(இதே கம்பெனி 1621-இல் இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் படுகொலை நடத்தியது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. சந்தை லாபத்தை எண்ணும், வந்த வழியைக் கேட்காது. கேட்பதற்குச் சட்டம் வேண்டும்.)

கேள்வி: இதற்கும் சூதாட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: சீட்டாட்டத்தில் மேஜைமேல் இருக்கிற பணம்தான் கைமாறும். தொழிலில் இயந்திரம் ஓடி, பொருள் விற்று, முன்பு இல்லாத வருமானம் வருகிறது. ஆனால் நிறுவனம் என்ன செய்கிறது என்றே தெரியாமல், "நாளைக்கு ஏறும்" என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கினால், உங்கள் வரையில் அது சூதாட்டம்தான்.

கேள்வி: வங்கியில் டெபாசிட் மட்டும்தான் போடுகிறேன். நானும் முதலீட்டாளரா?

பதில்: சுற்றுவழியில் ஆமாம். யாருக்குக் கடன் கொடுப்பது என்ற தலைவலியை வங்கி எடுத்துக்கொள்கிறது. அதற்கான கூலியைக் கழித்துக்கொண்டுதான் உங்களுக்கு வட்டி.

கேள்வி: உழைப்பது தொழிலாளி. சும்மா பணம் போட்டவருக்கு எதற்கு லாபம்?

பதில்: சம்பளம், சரக்குப் பாக்கி, கடன் வட்டி, வரி எல்லாம் போய் மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு. வரிசையில் கடைசி ஆள் அவர். ஒரு காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 1878-இல் ஸ்காட்லாந்தில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி கவிழ்ந்தபோது, போட்ட பணத்தோடு கதை முடியவில்லை. வங்கியின் கடனைப் பங்குதாரர்கள் தங்கள் சொத்திலிருந்து அடைக்க வேண்டியிருந்தது, பெரும்பாலானோர் போண்டியானார்கள். நஷ்டம் போட்டதற்கு மேல் போகாது என்ற இன்றைய வரம்பு இல்லாவிட்டால், முன்பின் தெரியாத தொழிலில் சாதாரண ஆட்கள் எப்படித் துணிவார்கள்?

லாபம் யாருக்குப் போகிறதோ நஷ்டமும் அவருக்கே என்பதுதான் இதிலுள்ள நியாயம். 2008 நிதி நெருக்கடியில் வரிப்பணம் வங்கிகளைத் தூக்கி நிறுத்தியபோது மக்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு எனக்குச் சண்டையில்லை.

கேள்வி: நஷ்டமான முதலீடு சமூகத்துக்கும் வீண்தானே?

பதில்: எப்போதும் அப்படியில்லை. 1840-களில் பிரிட்டனில் ரயில் பங்குகள்மேல் ஒரு பித்துப் பிடித்தது. 1845-க்குப் பிறகு விலை சரிந்து பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பல பாதைகள் காகிதத்தோடு நின்றன. ஆனால் போட்ட தண்டவாளம் எங்கேயும் போகவில்லை, அதில் ரயில் ஓடியது. இதைப் பித்தில் விலை ஊதிப்போகும் குமிழிக்கு வக்காலத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வீணானதும் நிறைய.

நஷ்டத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: தேறாத தொழிலுக்குப் பணம் போகும் குழாயை மூடுவது. பழைய சோஷலிச நாடுகளில் நஷ்டத்தில் ஓடும் ஆலைக்கு அரசு மேலும் மேலும் பணம் கொடுத்தது. ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் இதை "இளகிய பட்ஜெட்" என்ற கருத்தாக விளக்கினார். எப்படியும் காப்பாற்றுவார்கள் என்று தெரிந்த மேலாளர் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறார்?

கேள்வி: அப்போது அரசு முதலீடே கூடாதா?

பதில்: அப்படி இல்லை. இணையத்தின் முன்னோடி ஆர்ப்பாநெட் 1969-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணத்தில் பிறந்தது. பலன் எப்போது, யாருக்கு என்று தெரியாத ஆராய்ச்சிக்குத் தனியார் பணம் தயங்கும்.

கேள்வி: எந்தப் பங்கு வாங்கலாம் சார்?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: எல்லோரும் இன்டெக்ஸ் ஃபண்டிலேயே போட்டால், நல்ல நிறுவனம் எது என்று யார் பார்ப்பார்கள்?

பதில்: சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அலசாமல் அப்படியே வாங்கி வைப்பது இன்டெக்ஸ் ஃபண்ட். 1976-இல் வான்கார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் இப்படி ஒரு ஃபண்டைச் சாதாரண முதலீட்டாளருக்குக் கொண்டுவந்தபோது கேலி செய்தார்கள். இன்றைக்கு உங்களுடையது நியாயமான கவலை. இன்டெக்ஸ் ஃபண்ட் மற்றவர்கள் அலசி வைத்த விலையில் சவாரி செய்கிறது. அலசுபவர்கள் குறைந்தால் விலை தடம் மாறும். அது மாறினால் உட்கார்ந்து அலசுபவருக்கு லாபம் கூடும், ஆட்கள் திரும்பி வருவார்கள். அதனால் என் போன்றவர்களுக்குப் பிழைப்பு இருக்கும் என்று நம்புகிறேன். இந்தப் பதிலில் கொஞ்சம் சுயநலமும் உண்டு.