கதவைச் சாத்திவிட்டுப் போகிற அம்மா

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது. கோவையில் ஐடி வேலை. நானும் இரண்டு நண்பர்களும் ராத்திரிகளில் ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருக்கிறோம், நாலு பேர் கூட்டாக ஆடுகிற மாதிரி. அது வெளிவருவதற்குள் ஆள் சேர்த்து வைக்கலாம் என்று டிஸ்கார்டில் (குழுவாகப் பேசவும் எழுதவும் உதவுகிற ஆப்) ஒரு சர்வர், அதாவது எங்களுக்கென்று ஒரு குழு, தொடங்கினேன். இப்போது 600 பேர் இருக்கிறார்கள், தினமும் பிஜிஎம்ஐ (அணியாகச் சுட்டு ஆடுகிற மொபைல் கேம்) ஆடுவோம். ஆனால் வாய்ஸ் சேனலில் பேச்சு ரொம்ப மோசமாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், ஒரே நாளில் போய்விடுகிறார்கள். 17 விதிகள் எழுதி ஒட்டியிருக்கிறேன் (இணைத்திருக்கிறேன்). விதியை மீறுகிறவர்களைக் கவனிக்க நாலு மாடரேட்டர்கள் இருக்கிறார்கள். கெட்ட வார்த்தையைப் பிடிக்கிற பாட் (தானாக இயங்குகிற புரோகிராம்) இருக்கிறது, ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் அதற்குத் தெரிவதில்லை. இருபது பேரைச் சர்வரை விட்டே தூக்கியும் மாறவில்லை. வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை, ஹெட்செட் போட்டுக்கொண்டுதான் ஆடுவேன், பத்து மணிக்கு அம்மாவே வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார். சர்வரைச் சுத்தம் செய்ய இன்னும் என்ன விதி போடலாம்? எங்கள் கேமில் வாய்ஸ் சாட்டே வேண்டாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: தம்பி, உன் 17 விதிகளில் ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் உன் சர்வரிலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. அபார்ட்மெண்ட் சங்கத்தில் இருந்து வரும், பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து வரும், எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: மற்றவர்களைத் திருத்த என்ன விதி போடலாம்?

எனக்கு அந்தக் கதவைப் பற்றிப் பேச வேண்டும்.

நீ ஹெட்செட் போட்டிருக்கிறாய். அப்படியானால் அந்த 600 பேரும் பேசுவது உன் காதுக்குள்ளேயே முடிந்துபோகிறது. ஹாலுக்குக் கேட்பது ஒரே ஒரு குரல்தான், அது உன்னுடையது. அம்மா அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வந்து கதவைச் சாத்துகிறார். உனக்குத் தொந்தரவு ஆகக் கூடாதென்று பாசத்தில் சாத்துவதாக நினைத்துக்கொண்டு அதை ஒரு நற்சான்றிதழ் மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறாய். கடிதத்தை மறுபடி படித்துப் பார். பேச்சு 'மோசமாகிவிட்டது'. யார் பேசி மோசமானது? உன்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். என் மகன் கல்லூரியில் படித்த காலத்தில் நானும் அப்படி ஒரு கதவைச் சாத்தியிருக்கிறேன், பக்கத்து போர்ஷன் பாட்டி காதில் விழக் கூடாதே என்று. நம்மூரில் ஆத்திரத்தில் வருகிற வார்த்தை எங்கே போகும் என்று உனக்கே தெரியும். எதிரே நிற்பவனை விட்டுவிட்டு அவனைப் பெற்றவளிடம் போகும், கூடப் பிறந்தவளிடம் போகும். ஆட்டத்தில் யாரோ ஒரு பையன் அடிபட்டு விழுந்த உன்னைத் தூக்கிவிடாமல் ஓடினான் என்பதற்காக அவன் அம்மாவை நீ இழுக்கிறபோது, பத்தடி தள்ளி உன் அம்மா நாளைக்கு இட்லிக்கு மாவில் உப்புப் போட்டுக் கரைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து சாத்திவிட்டுப் போவார். நான் செய்த தப்பும் அதுதான், அன்றைக்கே உள்ளே போய்க் கேட்டிருக்க வேண்டும். அவன் தானாகத் திருந்தினான், அதில் எனக்குப் பங்கு இல்லை. இப்போது அவன் கேம் வேலையில்தான் இருக்கிறான், கீழே நான் சொல்லப்போகிற விஷயங்களில் பாதி அவன் சொல்லித் தெரிந்தவை.

'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' கேமை நடத்துகிற ரயட் நிறுவனம் இந்தத் திட்டும் பேச்சைப் பல வருடம் ஆராய்ந்தது. எப்போதும் விஷமாகவே பேசுகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். மொத்தத் திட்டில் பெரும்பகுதி சாதாரணமாக ஆடுகிறவர்களிடம் இருந்து, அன்றைக்கு ஏதோ சரியில்லாததால் வந்தது. அதனால்தான் நீ இருபது பேரைத் தூக்கியும் ஒன்றும் ஆகவில்லை. ஆபீசில் மேனேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து ராத்திரி பதினோரு மணிக்கு மைக்கைத் திறக்கிற நல்ல பையன்கள்தான் உன் பிரச்சினை. அதில் ஒருத்தன் நீ. சர்வரின் முதலாளி எப்படிப் பேசுகிறானோ அதுதான் அங்கே விதி, மிச்சம் 17-ஐயும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே இன்று ராத்திரி சர்வரில் நீயே எழுது: 'நானும் பேசியிருக்கிறேன், இனி பேச மாட்டேன், பேசினால் மாடரேட்டர் என்னையும் ஒரு நாள் மியூட் செய்யலாம்.' செய்யச் சொல்லவும் வேண்டும். முதல் வாரத்திலேயே உன்னை ஒரு முறை மியூட் செய்துவிட்டால் இன்னும் நல்லது. விதிகளில் மூன்றை வை, மிச்சத்தை அழி. யாரை மியூட் செய்தாலும் அவன் என்ன சொன்னான் என்பதை அப்போதே, அவன் வார்த்தையாலேயே அவனுக்கு அனுப்பு. 'விதி 6-ஐ மீறினீர்கள்' என்று மூன்று நாள் கழித்துச் சொன்னால் அவனுக்குக் கோபம்தான் வரும். நன்றாக ஆடுகிறான் என்பதற்காக யாரையாவது விட்டுவைத்திருப்பாய், எல்லா இடத்திலும் அப்படி ஒருத்தன் இருப்பான். அவனுக்கும் இதேதான்.

அப்புறம், புதிதாக வருகிறவர்கள். கல்யாண வீட்டில் வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு ஏன் ஆள் நிற்கிறார்கள்? உள்ளே வருகிறவருக்கு யாரையுமே தெரியாமல் இருக்கலாம், முதல் இரண்டு நிமிடம் யாராவது 'வாங்க' என்று சொல்லாவிட்டால் அவர் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமலே திரும்பிவிடுவார். உன் நாலு மாடரேட்டர்களும் போலீஸ் வேலை பார்க்கிறார்கள், வாசலில் யாரும் இல்லை. இரண்டு பேரை வாசலுக்கு மாற்று. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அன்றைக்கே ஒரு மேட்சுக்குத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் நல்லது, கிடைக்கவில்லை என்றால் ஏன் கிடைக்கவில்லை என்று நீயே யோசி.

சரி, உன் கேமுக்கு வருவோம். ஆட வருகிறவன் குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், செய்கிறவன் அவன் கையில் என்ன கொடுத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். 2012-இல் வந்த 'ஜர்னி' கேமில் முன்பின் தெரியாத இருவர் ஒரு பாலைவனத்தில் சேர்ந்து நடக்கிறார்கள். செய்து பார்க்கிற கட்டத்தில் ஒருவரை ஒருவர் இடிக்க முடிகிற மாதிரி வைத்திருந்தார்கள், தள்ளி ஏற்றிவிட்டு உதவுவார்கள் என்ற நினைப்பில். ஆட வந்தவர்கள் கூட நடந்தவனைப் பிடித்துத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். செய்தவர்கள் இடிப்பதையே எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் நெருங்கி நின்றால் இருவர் கழுத்துத் துணியிலும் பறக்கிற சக்தி ஏறும் என்று மாற்றினார்கள், அவ்வளவுதான். பேச்சும் எழுத்தும் கிடையாது, ஒரு மணியோசை மாதிரிச் சத்தம் மட்டும். கூட வந்தவர் பெயர்கூட கடைசியில்தான் தெரியும். இதே மனிதர்கள் ஒட்டி ஒட்டி நடந்தார்கள்.

வார்த்தையைக் குறைத்தால் மட்டும் போதும் என்றும் நினைக்காதே. 'ஹார்த்ஸ்டோன்' என்கிற சீட்டாட்ட கேமில் எதிராளியிடம் சொல்ல அரை டஜன் வாசகங்கள்தான் இருந்தன, அதில் ஒன்று 'சாரி'. உயிரை எடுக்கப்போகிற அடிக்கு முன்னால் நிறுத்தி நிதானமாக 'சாரி' சொல்லி வெறுப்பேற்றினார்கள். 2016-இல் அதை எடுத்துவிட்டு 'வாவ்' வைத்தார்கள், அதையும் வைத்து வெறுப்பேற்றினார்கள். (இதில் சிரிப்பு வந்தாலும், நம் வீட்டுக் கல்யாணங்களில் 'சாப்பிட்டுட்டுப் போங்க' என்பதை எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.)

வாய்ஸ் சாட் வேண்டாமா என்று கேட்டாய். வை, ஆனால் முதலில் மூடியே இருக்கட்டும், வேண்டுகிறவர் திறந்துகொள்ளட்டும். ரயட் எதிரணியோடு பேசுகிற சாட்டை இப்படித்தான் மூடி வைத்துப் பார்த்தது. தேவையானவர்கள் திறந்துகொண்டார்கள், பேச்சின் அளவு பெரிதாகக் குறையவில்லை, திட்டு குறைந்தது. குரல் இல்லாமலும் முழுசாக ஆட முடிய வேண்டும். 2019-இல் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' மாதிரி, இங்கே எதிரி, இங்கே துப்பாக்கி, இந்தப் பக்கம் போகலாம் என்பதையெல்லாம் ஒரு பட்டனால் சுட்டிக்காட்ட வழி செய்துவிட்டால், தன் குரலைக் கேட்டதும் நாலு பேர் இளிக்கத் தொடங்குவார்கள் என்று பயந்து மைக்கைத் தொடாத பெண் சமமாக ஆடலாம். நாலு பேர் கூட்டாக ஆடுகிற கேம் என்கிறாய், விழுந்தவனைத் தூக்கிவிட்டால் இருவருக்குமே ஏதாவது கிடைக்கிற மாதிரி வை.

இதெல்லாம் அப்புறம் செய்யக்கூடிய வேலை. நான் பழைய காலத்து ஆள், நாலு பேரை ஒரு கூரைக்குக் கீழே கூப்பிட்டவன் அவர்கள் வாய்க்குப் பொறுப்பு என்று நம்புகிறவள். 600 பேரைக் கூப்பிட்டிருக்கிறாய், அதில் எத்தனை பேர் பள்ளிக்கூடப் பையன்கள் என்று எழுதவே இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று பிஜிஎம்ஐயே கணக்கு வைத்திருக்கிறது, உன் சர்வரில் அந்தக் கணக்கும் இல்லை. எண்ணிப் பார்.

நாளை ராத்திரி பத்து மணிக்கு அம்மா எழுந்து வருவதற்கு முன்னால், நீயே போய்க் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உட்கார். இன்றைக்கு ஏன் திறந்து வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல். ஒரு வாரம் அப்படியே ஆடு. ஏழு நாளில் எத்தனை நாள் அவர் வந்து சாத்தினார் என்று எனக்கு எழுது.