முதியோர் இல்லத்தில் எல்லோரும் சேர்ந்து செய்ய, பூவை வைத்து என்ன கைவேலை கொடுக்கலாம்?

மதுரைப் பக்கம் ஒரு இல்லத்துக்கு வாராவாரம் உதவப் போவதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நம்ம ஊர் என்பதால் பூ கட்டுவதைத்தான் முதலில் சொல்வேன். பழகிய கைவேலை, பேரும் தேதியும் மறந்த பிறகும் பலருக்குத் தங்கியிருக்கும். நாரைக் கையில் கொடுத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் ஒரு சுற்று என்று விரல் தானாக ஓடும். "நெருக்கிக் கட்டுடி" என்று பக்கத்துப் பாட்டியிடம் அதட்டலும் வரும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையிலேயே மொட்டாக வாங்கிவிடுங்கள். மல்லி சாயங்காலம் விரிந்துவிடும், அப்புறம் கட்ட வராது. வாழைநாரை நனைத்து வையுங்கள். மார்கழி, தையில் மல்லி விலை எகிறும். அப்போது செவ்வந்தி, சம்பங்கி போதும்.

விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு முடிச்சு வேண்டாம். முனை மழுங்கிய பெரிய ஊசியில் சம்பங்கியைக் கோக்கட்டும். தாத்தாக்கள் பூ கட்ட மாட்டேன் என்றால், செவ்வந்தி இதழை உதிர்த்துத் தாம்பாளத்தில் பூக்கோலம் போடச் சொல்லலாம்.

அரளியை மட்டும் உள்ளே விடாதீர்கள். அது நஞ்சு, மறதி உள்ளவர்கள் வாயில் வைத்துவிடக்கூடும்.

இன்னொன்று, கணவரை இழந்தவர்கள் சிலர் "எனக்கெதுக்குப் பூ" என்று ஒதுங்குவார்கள். சாமி படத்துக்குச் சரம் வேண்டும் என்று கேளுங்கள், வந்து உட்காருவார்கள். தலையில் வைப்பதும் வைக்காததும் அவர்கள் பாடு.