குவில்ட் தைக்க எந்த ஊசி பொருத்தமானது? எல்லா வேலைக்கும் 14-ஆம் எண் ஊசியே போதாதா?

துண்டுத் துணிகளை இணைக்கும்போது ஒழுங்காக ஓடும் இயந்திரம், மேலே அந்த இணைப்பு, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் இன்னொரு துணி என மூன்றையும் சேர்த்துக் குவில்டாகத் தைக்கும்போது மட்டும் இடையிடையே தையலை விட்டுவிடுகிறது, நூலும் அறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண யுனிவர்சல் வகையில் 14-ஆம் எண் ஊசி ஒன்றையே தொடக்கம் முதல் மாட்டி வைத்திருப்பதாகவும், மேல் அடுக்கைத் தைக்க 28 வெயிட் (நூலின் தடிப்பைக் குறிக்கும் எண்) பருத்தி நூலுக்கு மாறியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு விவரங்களிலேயே பெரும்பாலும் விடை இருக்கிறது. ஊசி வாங்கும்போது பலரும் துணியை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நான் முதலில் நூலைப் பார்ப்பேன், அடுத்து வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்ப்பேன், துணியின் நெசவு அதற்குப் பிறகுதான்.

ஊசி உறையில் 75/11, 80/12, 90/14, 100/16 என்று இரட்டை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண், ஊசித் தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வது. 75 என்றால் 0.75 மி.மீ., 90 என்றால் 0.90 மி.மீ. நாம் வழக்கமாகச் சொல்லும் 11, 14, 16 ஆகியவை அதே அளவுகளுக்கான பழைய எண்கள். உறையில் 130/705 எச் என்று குறித்திருந்தால், அது இன்றைய வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும், மேற்பகுதியின் ஒரு பக்கம் தட்டையாக உள்ள ஊசி. தையற்கூடங்களில் ஓடும் பெரிய இயந்திரங்களுக்கான உருண்டைத் தலை ஊசி வேறு முறையைச் சேர்ந்தது. எண் ஒன்றாக இருந்தாலும் அதை வீட்டு இயந்திரத்தில் மாட்டக் கூடாது.

நூலை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்பது ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கிவிடும். முன்பக்கத்தில் மேலிருந்து காது வரை ஒரு நீண்ட பள்ளம் ஓடுகிறது. ஊசி துணிக்குள் இறங்கும்போது நூல் அந்தப் பள்ளத்தில் படிந்து, துணியில் உராயாமல் உடன் இறங்குகிறது. பின்பக்கத்தில் காதுக்குச் சற்று மேலே ஒரு குழிவு வெட்டப்பட்டிருக்கும். ஊசி அடிமட்டத்தைத் தொட்டுவிட்டுச் சற்றே மேலெழும் கணத்தில், பின்பக்க நூல் துணியின் பிடியால் உடனே மேலேற முடியாமல் ஒரு சிறு வளையமாகப் பிதுங்குகிறது. ஊசித்தட்டுக்குக் கீழே இயங்கும் கொக்கியின் முனை குழிவை ஒட்டி வந்து அந்த வளையத்தைப் பிடித்து, கீழ் நூல் சுற்றிய பாபினைச் சுற்றி இழுத்துச் செல்வதால்தான் தையல் விழுகிறது. நூல் பள்ளத்தைவிடத் தடிப்பாக இருந்தால் வெளியே பிதுங்கித் துணியிலும் காதின் விளிம்பிலும் உராய்ந்து, முதலில் இழை இழையாகப் பிரிந்து, பிறகு அறும். நூல் மெலிதாக இருந்து ஊசி தடிப்பாக இருந்தால், துணியில் துளை பெரிதாகி, கீழ் நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைப் பார்த்து, நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

வெயிட் எண் கூடக்கூட நூல் மெலியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பொருத்துவது எளிது. 50 வெயிட் நூலுக்கு 75/11 அல்லது 80/12, 40 வெயிட்டுக்கு 80/12 அல்லது 90/14, 28 அல்லது 30 வெயிட்டுக்கு 90/14 அல்லது 100/16, 12 வெயிட் போன்ற தடித்த அலங்கார நூலுக்கு 100/16. ஐயம் இருந்தால், ஒரு முழ நூலை ஊசியில் கோத்து, இரு முனைகளையும் பிடித்துச் சாய்வாக நிறுத்துங்கள். ஊசி தானாகச் சுழன்றபடி வழுக்கி இறங்கினால் பொருத்தம் சரி. நடுவழியில் நின்றுவிட்டால் காது சிறிது.

துண்டுகளை இணைக்கும் கட்டத்தில் இருப்பது இரண்டே அடுக்கு மெல்லிய பருத்தித் துணி என்பதால், கால் அங்குல ஓரத்தை நேராகவும் தட்டையாகவும் கொண்டுசெல்வதுதான் அங்கே முக்கியம். கூர்முனை கொண்ட மைக்ரோடெக்ஸ் ஊசி 70/10 அல்லது 80/12 அளவில் இதற்கு மிகவும் ஏற்றது. நெருக்கமான நெசவுடைய பாத்திக் துணியில் இதன் அருமை நன்றாகத் தெரியும். முனை சற்று உருண்ட யுனிவர்சல் ஊசி இழையை ஒதுக்கிக்கொண்டு நுழையப் பார்க்கும், மைக்ரோடெக்ஸ் நேராகத் துளைக்கும். சாதாரணப் பருத்திக்கு யுனிவர்சலே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதற்கென்றே ‘குவில்டிங்’ என்ற பெயரில் ஊசி விற்கிறது. ஷ்மெட்ஸ் நிறுவனத்தின் ஊசியில் பச்சைப் பட்டை அதன் அடையாளம். முனை மெல்லக் குறுகிச் செல்வதால் அடுக்குகளையும் குறுக்கே வரும் மூட்டுகளையும் அது துணியைச் சிதைக்காமல் கடக்கும். வாக்கிங் ஃபுட் (மேல் அடுக்கையும் கீழ் அடுக்கோடு சேர்த்து நகர்த்தும் பாதம்) பொருத்தி நேர்க்கோடுகள் தைப்பவர்களுக்கு 50 அல்லது 40 வெயிட் நூலுடன் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் பெயரில் குவில்டிங் இருப்பதனாலேயே எல்லா நூலுக்கும் அது பொருந்திவிடாது. தடித்த நூலுக்கு நான் எடுப்பது டாப்ஸ்டிச் ஊசிதான்; காது பெரிது, முன்பள்ளமும் ஆழம். ஒரே ஒரு வகையை மட்டும் வாங்க முடியும் என்றால் டாப்ஸ்டிச் 90/14 வாங்குங்கள் என்பேன். மெட்டாலிக் நூலுக்கு மட்டும் அதற்கென உள்ள நீண்ட காது ஊசியைத் தேட வேண்டியிருக்கும்.

நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டுத் துணியைக் கையால் ஓட்டும் ஃபிரீ மோஷன் முறையில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஊசி துணிக்குள் இருக்கும்போதே கை துணியை இழுத்தால், தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். வளைந்த ஊசி கொக்கியை விட்டு விலகிப்போனால் வளையம் பிடிபடாமல் தையல் விடும். பக்கவாட்டில் வளைந்தால் ஊசித்தட்டில் மோதி ஒடியும். தண்டு தடித்தால் வளைவு குறையும் என்பதால், நேர்க்கோட்டில் 80/12 போதுமாயிருந்த அதே நூலுக்கும் ஃபிரீ மோஷனில் 90/14 போடுவது நல்லது. கைவேகத்தை இயந்திரத்தின் வேகத்துக்கு ஒத்து வைத்துக்கொள்வதும் இதில் பாதி மருந்து.

ஊசியின் ஆயுள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் ஊசி ஓய்வு பெற வேண்டிய காலத்தைக் கடந்துவிட்டது. ஏறத்தாழ எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பரவலான கணக்கு. டைட்டானியம் நைட்ரைடு பூசியவை கூடுதலாக உழைக்கும். துணியில் இறங்கும்போது ‘டொக் டொக்’ என்று குத்தும் ஓசை கேட்டாலோ, பஞ்சிழைகள் மேலே பிதுங்கத் தொடங்கினாலோ முனை மழுங்கியிருக்கலாம். நைலான் துணியில் முனையை இழுத்துப் பாருங்கள். இழையைப் பற்றினால் பிசிறு விழுந்துவிட்டது.

உங்களுக்கு என் பரிந்துரை: புதிய டாப்ஸ்டிச் 90/14. 28 வெயிட் நூல் அதிலும் பிரிந்தால் 100/16. தட்டைப் பக்கம் உங்கள் இயந்திரக் கையேடு சொல்லும் திசையில், பெரும்பாலும் பின்புறம், இருக்கட்டும். ஊசியை மேலே முட்டும் வரை ஏற்றித் திருகை இறுக்குங்கள். அதே மூன்று அடுக்குகளில் சிறு மாதிரி ஒன்றைத் தைத்துப் பாருங்கள். புதிய ஊசியிலும் மெதுவான நேர்க்கோட்டில்கூடத் தையல் விட்டால், கொக்கிக்கும் ஊசிக்கும் இடையிலான நேர ஒழுங்கு தவறியிருக்கக்கூடும். அப்போது மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம்.